சங்கத் தலைவர் கண்டுபிடித்த பறவை

காடாம், காடு! மனிதக் காலடியே படாத காடாம்! படகுத்துறையில் ஆளுயரப் பலகை வைத்துப் பச்சை எழுத்தில் அப்படித்தான் எழுதியிருந்தார்கள். அந்தப் பலகைக்கு மரம் அறுத்தவன் மனிதன். குழி தோண்டியவன் மனிதன். காலையில் அதே காட்டுக்குள்ளிருந்து நடந்து வந்து, மாலையில் அதே காட்டுக்குள் நடந்து திரும்பியவன். பொய்க்குக் கால் இல்லை என்பார்கள். இந்தப் பொய்க்கு இரண்டு கால்கள் இருந்தன. இரண்டையும் சிமெண்டு போட்டு நட்டிருந்தார்கள்.

முதல் வளைவைத் தாண்டினால் இடக்கரையில் குடிசைகள். பாட்டன் முப்பாட்டன் காலத்துக் குடியிருப்பு. ஆற்றையும் காட்டையும் குத்தகைக்கு எடுத்த சுற்றுலாக் கம்பெனி, வந்த கையோடு அவர்களுடைய ஓடங்களைப் பறித்துக்கொண்டது. பிறகு மேலாளர், ஆரஞ்சு நிற மிதவை உடுப்புகள் ஆணிகளில் தொங்கும் தன் அறைக்கு அவர்களை வரவழைத்து, மின்விசிறியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு உபதேசம் செய்தார்.

"உங்களை யாரும் வெளியே போகச் சொல்லலையே. இருங்க, தாராளமா இருங்க. ஆனா இல்லாத மாதிரி இருங்க!"

அதுதான் சட்டம். வளைவில் வழிகாட்டியின் விசில் கேட்டதும் கொடியில் காயும் துணி மறைய வேண்டும். அடுப்பில் எரியும் நெருப்பு அணைய வேண்டும். தெம்புள்ள ஆண்கள் காட்டின் உட்புறம் போய்விட வேண்டும். மற்றவர்கள் குடிசைக்குள் ஒடுங்க வேண்டும். கரையில் ஒருமுறை, ஒரே ஒரு முறை, மனிதக் குரல் கேட்டால் குடிசைகள் பிரிக்கப்படும். பிறந்த மண்ணில் பிணத்தைப்போல் கிடப்பவனுக்கு மட்டுமே வாழ அனுமதி!

ஆனால் நாக்கு என்ன கொடித்துணியா, மடித்து வைக்க? தாய் பிள்ளையைக் கூப்பிட வேண்டும். அண்ணி நாத்தனாரை ஏச வேண்டும். அதனால் அவர்கள் பறவைக் குரலில் பேசப் பழகிக்கொண்டார்கள். 'வா' என்பதற்கு ஒரு கூவல், 'போ' என்பதற்கு ஒரு கீச்சு. உயிருக்கு ஆபத்து என்றால் நீண்டு உயர்ந்து நடுவில் உடையும் ஓலம். நாளடைவில் வம்பளக்கவும் பறவை மொழி போதுமானதாயிற்று.

பறவை இப்படி வந்தது. புலி வந்த கதை அதைவிடக் கேவலம்.

காசு கொடுத்து வந்தவர்கள், "என்னய்யா காடு இது, ஒரு மிருகத்தையும் காணோமே!" என்று முகம் சுளித்தார்கள். மேலாளர் குடிசைவாசிகளைப் பார்த்து, "உங்கள்ல யாராவது உறுமக்கூடாதா?" என்று கேட்டார். கனத்த தொண்டை படைத்த ஒரு பெரியவர் முன்வந்தார். வலக்கரையின் மேட்டுப் புதரில் உட்கார்ந்து, மண்பானைக்குள் வாயை வைத்து அவர் உறுமினால் எதிர்க்கரைக் கூரைகளே அதிரும். அன்றுமுதல் அவர் பெயர் புலியார். மனிதனாக வாழ இடம் கேட்டவருக்கு மிருகமாக இருக்க வேலை கிடைத்தது. அதையும் அவர் பெருமையாக எடுத்துக்கொண்டார் என்பதுதான் வேதனை. ஒவ்வொரு மாலையும் மருமகனிடம் கேட்பார்:

"மாப்பிள்ளை, இன்னிக்குப் புலி எப்படி?"

"ஒரு அம்மா மயங்கியே விழுந்துட்டாங்க மாமா!"

"அப்ப நாளைக்கு இன்னும் கொஞ்சம் தூக்கலா உறுமறேன்."

மருமகன்தான் வழிகாட்டி. ஒலிபெருக்கி என்று ஊரே அழைக்கும். அவனும் அப்படியே தன்னை அறிமுகம் செய்துகொள்வான். குடியிருப்பில் பெண்ணெடுத்தவன், கம்பெனித் தொப்பி அணிந்தவன், மாமனாரின் உறுமலுக்கு விளக்கம் சொல்லிப் பிழைப்பவன். துடுப்பு வலிப்பவர் அவன் மனைவியின் அண்ணன். விருந்தினர்களுக்கு அவர் பிறவி ஊமை. கேள்வி கேட்டால் உண்மையைச் சொல்லித் தொலைத்துவிடுவார் என்று கம்பெனியே அவருக்கு அளித்த ஊனம் அது. துடுப்பை இழுக்கக் குனியும்போது மெல்லப் பேசுவார், நிமிரும்போது ஊமையாகிவிடுவார்.

முந்தின இரவெல்லாம் மழை கொட்டித் தீர்த்த ஒரு காலையில் மூன்று பேர் அந்தப் படகில் ஏறினார்கள். ஒருவர் கண்ணாடிக்கடை முதலாளி. இன்னொருவர் அவருடைய மனைவி. மூன்றாமவர்தான் முக்கியம்: நகரத்துப் பறவை ஆர்வலர் சங்கத்தின் தலைவர். கழுத்தில் தொலைநோக்கி, தோளில் ஒலிப்பதிவுக் கருவி, நெற்றியில் தலைமைப் பதவி.

சென்ற ஆண்டு இதே ஆற்றில் உலகம் கேட்டிராத ஒரு பறவையின் குரலை அவர் பதிவு செய்துகொண்டு போனார். சங்கத்தில் பாராட்டு விழா நடந்தது, கேடயம் கொடுத்தார்கள். மண்டபம் முழுக்க மக்கள் கண்மூடி அந்தக் குரலைக் கேட்டுப் பெருமூச்சு விட்டார்கள். தலைவர் அந்தப் பறவைக்குத் தம்முடைய பெயரையே சூட்டினார். பெற்ற பிள்ளைக்கே தன் பெயரை வைக்க மனிதனுக்குக் கூச்சம் வரும். பார்க்காத பறவைக்கு வைக்க இவருக்கு வரவில்லை. அந்தப் பறவை வேறு யாருமல்ல, புலியாரின் மகள். ஒலிபெருக்கியின் மனைவி.

அவளும் அவள் தந்தையும் விடியும்போதே வலக்கரை மேட்டுக்கு வந்துவிடுவார்கள். அண்ணன் இதே படகில் கொண்டுவந்து இறக்குவார், மாலையில் ஏற்றிக்கொள்வார். தந்தை புலி, மகள் பறவை. அவ்வளவு பெரிய காட்டின் உயிரினத் தொகை அத்தோடு முடிந்தது.

வளைவு வந்தது. ஒலிபெருக்கி விசில் ஊதினான். படகின் முனையில் நின்று கையை விரித்தான்.

"பாருங்கய்யா! இந்த இடத்துல மனுசன் மூச்சே பட்டதில்லைங்க!"

துடுப்புக்காரர் குனிந்தார். "நேத்து இங்கதானே நின்னு மூக்கு சிந்தினே, மாப்பிள்ளை?" நிமிர்ந்தார். ஊமையானார்.

"சும்மா இருங்க மச்சான்" என்று ஒலிபெருக்கி பல்லைக் கடித்தான்.

இடக்கரைக் குடிசைகள் கிளைகளுக்குள் மூச்சடக்கிக் கிடந்தன. முதலாளியின் மனைவி அந்தப் பக்கம் உற்றுப் பார்த்து, "யாரோ அடுப்பு மூட்டின வாசம் வருதே?" என்றாள்.

"அது காட்டு வாசம்மா. இலை மக்கினா அப்படித்தான் மணக்கும்."

அப்போதுதான் மேலாற்றில் அந்தக் குரல் எழுந்தது. நீண்டு, உயர்ந்து, நடுவில் உடைந்தது. மறுபடியும். மறுபடியும்.

துடுப்புகள் அந்தரத்தில் நின்றன. சங்கத் தலைவர் பாதி எழுந்து உட்கார்ந்தார்.

"அசையாதீங்க! யாரும் அசையாதீங்க! என் பறவை! போன வருசத்தை விட எவ்வளவு உருக்கம் பாருங்க!" ஒலிப்பதிவுக் கருவியின் பொத்தானை அழுத்தினார். "துடுப்பைத் தூக்கச் சொல்லுப்பா அந்த ஊமையை. தண்ணி சத்தம் கேட்டாலே பறந்துடும்."

"என்னங்க சொல்லுது அது?" என்று முதலாளி கேட்டார்.

"ஜோடியைக் கூப்பிடுதுங்கய்யா" என்றான் ஒலிபெருக்கி.

அன்றைக்கு அவன் சொன்ன ஒரே உண்மை அதுதான்!

துடுப்புக்காரர் தலையைத் தொங்கப் போட்டார். "மாப்பிள்ளை, அது ஆபத்துக் குரல்."

"தெரியுது மச்சான்."

"தெரிஞ்சுமா வாயடிக்கிறே?"

"இப்பப் போய் நின்னா எல்லாம் வெட்டவெளிச்சமாயிடும். குடிசையைப் பிரிச்சிடுவாங்க. இவங்களை இறக்கி விட்டுட்டு ஓடி வந்துடலாம்."

"அதுவரைக்கும் அங்க உசுரு காத்துக்கிட்டு இருக்குமா?"

நாளெல்லாம் ஓயாமல் பேசும் ஒலிபெருக்கியின் வாய், ஒரு நல்ல சொல் தேவைப்பட்டபோது வற்றிப் போனது. கூலிக்கு விற்ற நாக்கு சொந்தக்காரனுக்கு உதவாது.

மேலாற்றில் நடந்தது இதுதான். இரவு மழையில் ஊறிய மேடு, புலியார் உட்கார்ந்த இடத்தோடு பிளந்து ஆற்றுக்குள் சரிந்தது. அவர் இடுப்புவரை சேற்றில் புதைந்தார். ஒரு வேர் அவர் தொடையைக் குறுக்கே அழுத்திக்கொண்டது. மகள் குப்புறப் படுத்து அவருடைய மணிக்கட்டைப் பற்றியிருந்தாள். விட்டால் போய்விடுவார், விடாமல் இழுக்கவோ அவள் ஒருத்தியால் முடியாது. குடிசைகள் அக்கரையில். ஓடங்கள் கம்பெனியில். ஆற்றில் வரும் ஒரே படகு அவள் அண்ணன் வலிக்கும் படகு. மழைநீர் இறங்கி ஆறு ஏறிக்கொண்டிருந்தது. சேறு அவர் மார்பைத் தொட்டது. அப்போதும் அவள் பறவையாகத்தான் கத்தினாள். அடிமைத்தனம் எங்கே வேர் விடும் என்று கேட்பவர்கள் அந்தப் பெண்ணின் தொண்டையைப் பார்க்கட்டும். அப்பன் சாகிறான், மகள் சட்டத்துக்கு உட்பட்டு அலறுகிறாள்!

"விசில் கேட்டுச்சே" என்றார் புலியார். "படகு வந்துடுச்சா?"

"வந்துடுச்சுப்பா. அசையாதீங்க."

"பானை எங்கம்மா?"

"இப்பப் பானையா முக்கியம்?"

"நான் உறுமலைன்னா மாப்பிள்ளைக்குப் பேச்சு விழும்மா. அதோ, கைக்கெட்டுற தூரத்துலதான் கிடக்கு."

அவள் தடுப்பதற்குள் அவர் சும்மா இருந்த மறுகையால் பானையை இழுத்து, வாயை அதில் புதைத்து உறுமினார். சேறு அழுத்திய மார்பிலிருந்து கிளம்பிய அந்த உறுமல், அவர் வாழ்நாளிலேயே மிகச் சிறந்த உறுமல். அவர் உயிர் பிழைப்பதைக் கெடுக்க அதைவிடச் சிறந்த வழியும் இல்லை.

"ஐயோ, புலி!" முதலாளி கணநேரத்தில் மனைவிக்குப் பின்னால் போய்விட்டார். "திருப்புய்யா! படகைத் திருப்பு!"

"திருப்பக்கூடாது! பறவை பாடிட்டிருக்கு!" என்று தலைவர் சீறினார்.

"புலி கடிச்சா உங்க பறவையா வந்து காப்பாத்தும்?"

ஒலிபெருக்கியின் முகத்தில் உயிர் திரும்பியது. குனிந்து மச்சானின் காதருகே சொன்னான்: "கேட்டீங்களா? மாமா உறுமுறாரு. அப்ப நல்லாத்தான் இருக்காரு. இவ எதுக்கோ பயந்து கத்துறா. திருப்புங்க."

துடுப்புக்காரர் தயங்கினார். உறுமல் நல்ல உறுமல், தெம்பான உறுமல். சாகக் கிடக்கிறவன் வேலை செய்வானா என்று அந்த நல்ல மனிதர் நினைத்தார். செய்வான் என்பதை அவர் அறியவில்லை. ஒரு துடுப்பைத் தாழ்த்தி மற்றதை இழுத்தார். படகு திரும்பியது.

நாணலின் இடைவெளி வழியே மகள் அதைக் கண்டாள். படகின் முனை மறைந்தது; பக்கவாட்டுப் பலகை தெரிந்தது; பிறகு முதுகு. அவள் உதட்டைக் குவித்தாள். குவித்த உதடு அப்படியே விரிந்தது. தலைமுறையையே அடைத்து வைத்திருந்த அடைப்பு உடைந்தது.

"டேய் அண்ணா! திருப்புடா படகை! அப்பா சேத்துல முங்குறாருடா! யோவ் ஒலிபெருக்கி, உன் வாயில மண்ணைப் போட! உன் மாமன் இங்க சாகுறாரு, நீ அங்க எவனுக்குய்யா பல்லைக் காட்டிட்டிருக்கே!"

ஆற்றின் இரு கரையும் அந்தக் குரலை வாங்கித் திருப்பிக் கொடுத்தன. படகில் சங்கத் தலைவரின் வாய் திறந்தது திறந்தபடி இருந்தது. ஒலிப்பதிவுக் கருவி ஓடிக்கொண்டிருந்தது.

அந்த நொடியிலும், ஆம், அந்த நொடியிலும், ஒலிபெருக்கி சொன்னான்: "அது... பேசும் கிளி வகைங்கய்யா. அசல் மனுசன் மாதிரியே பேசும்."

முதலாளியின் மனைவி அவனை நிமிர்ந்து பார்த்தாள். "கிளிக்கு உங்க பேரு எப்படிங்க தெரியும்?"

துடுப்புக்காரர் எழுந்து நின்றார். படகு ஆடியது. "எல்லாரும் கெட்டியாப் பிடிச்சுக்குங்க. அது என் தங்கச்சி. அங்க உறுமினது எங்கப்பா. படகு அங்கதான் போகுது."

"ஐயையோ, ஊமை பேசுறான்!" என்றார் முதலாளி. புலிக்குப் பயந்ததைவிட அதற்கு அதிகம் பயந்தார்.

கரைக்குப் போனதும் துடுப்புகளைச் சேற்றின் மீது குறுக்கே போட்டு, அவற்றின்மேல் தவழ்ந்துபோய் அண்ணன் கத்தியால் வேரை அறுத்தார். மிதவை உடுப்பை அவிழ்த்துக் கிழவருக்கு வீசியவள் முதலாளியின் மனைவி. அதில் கட்டியிருந்த படகுக் கயிற்றின் முனையைப் பற்றி இழுத்தவளும் அவள்தான். "பாத்துக்கிட்டே நிக்காதீங்க, வந்து இழுங்க!" என்று கணவனை அதட்டினாள். அவரும் இழுத்தார். தொப்பி சேற்றில் விழாதபடி கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒலிபெருக்கியும் இழுத்தான். சங்கத் தலைவர் மட்டும் கருவியைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தபடி, சேறு தெறிக்காத தொலைவில் நின்றார். இயற்கையின் காதலருக்கு மண் ஆகாது!

புலியார் வெளியே வந்தார். சேற்றில் வார்த்த சிலை மூச்சு விட்டது. கண்ணைத் துடைத்து மருமகனைத் தேடினார்.

"மாப்பிள்ளை, இன்னிக்குப் புலி எப்படி?"

ஒலிபெருக்கி தலை குனிந்தான்.

அனைவரும் படகில் ஏறினார்கள். மெத்தை தைத்த விருந்தினர் இருக்கையில் புலியாரைச் சாய்த்தார்கள். சேறு வழிந்து தலைவரின் காலணியைத் தொட்டது. அவர் காலை இழுத்துக்கொண்டு சிந்தனையில் ஆழ்ந்தார். அவருடைய சங்கத்தின் சுவரில் தொங்கும் கேடயம் அவர் கண்முன் ஆடியிருக்க வேண்டும். தொண்டையைச் செருமிக்கொண்டு அவளிடம் கனிவாகப் பேசினார். பெரிய மனிதர்களின் கனிவுக்குப் பின்னால் எப்போதும் ஒரு கணக்கு நிற்கும்.

"நடந்தது நடந்துபோச்சும்மா. நான் எதையும் பாக்கலை, எதையும் கேக்கலை. இவங்களும் சொல்ல மாட்டாங்க. மேலாளர் எனக்கு வேண்டியவர்தான். உங்க குடிசைக்கு ஒரு குறையும் வராது. நீ எப்பவும் போல கூவிட்டிரு. அது போதும்."

ஒலிபெருக்கி கைகூப்பினான். "ஐயாவுக்குப் பெரிய மனசு! கேட்டியா? எல்லாம் பழையபடி ஆயிடும். சரின்னு சொல்லு."

அவள் தந்தையின் முகத்துச் சேற்றை முந்தானையால் துடைத்துக்கொண்டே கேட்டாள்: "ஐயா, போன வருசம் என் குரலைப் பிடிச்சுட்டுப் போனீங்களாமே. மண்டபத்துல எல்லாருக்கும் போட்டுக் காட்டினீங்களாமே. அது என்ன சொல்லுதுன்னு தெரியுமா?"

"அது... இனிமையான ஒரு..."

"'சோறு ஆறுது, சீக்கிரம் வந்து தொலை.' இவரைத்தான் கூப்பிட்டேன். அதுக்குத்தான் உங்க பேரை வெச்சிருக்கீங்க."

முதலாளியின் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். விரலிடுக்கிலிருந்து சிரிப்பு வெளியே வந்தது. முதலாளிக்கும் தொற்றியது. அண்ணன் துடுப்பை நிறுத்திவிட்டுச் சிரித்தார். இத்தனை ஆண்டுகள் அந்தப் படகில் அவர் சிரித்ததே இல்லை. ஊமைக்குச் சிரிப்பு உண்டா இல்லையா என்று கம்பெனி அவருக்குச் சொல்லித் தரவில்லை.

தலைவர் மட்டும் சிரிக்கவில்லை. "விளையாடாதேம்மா. வாயைத் திறந்தா நஷ்டம் உங்களுக்குத்தான். நாளைக்கே ஆள் வந்து குடிசையைப் பிரிச்சுப் போடுவான்."

"வரட்டும்" என்றாள் அவள். "யாரு குடிசையைப் பிரிக்கப் போறோம்னு முதல்ல எழுதணுமே ஐயா? மனுசங்களே இல்லைன்னு பலகை வெச்சிருக்காங்க. இல்லாதவங்களை எப்படி விரட்டுவாங்க? விரட்டணும்னா, நாங்க இருக்கோம்னு ஒத்துக்கணும். அதை ஒத்துக்கிட்டு வரட்டும். அதுக்கப்புறம் பேசிக்கலாம்."

குடிசைக் கரையில் கூட்டம் நின்றது. அவளுடைய அலறல் ஆற்றைத் தாண்டிப் போயிருந்தது. சட்டம் விதித்திருந்த இருட்டறைகளிலிருந்து கிழவிகளும் பிள்ளைகளும் வெளியே வந்திருந்தார்கள். காட்டின் உட்புறம் போன ஆண்களும் ஓடி வந்திருந்தார்கள். முழங்கால் நீரில் இறங்கி வந்து புலியாரைத் தூக்கிக்கொண்டார்கள். அவள் இறங்கினாள். திரும்பிக் கணவனைப் பார்த்தாள்.

"இறங்குறியா?"

ஒலிபெருக்கி தொப்பியைத் தலையில் வைத்தான். எடுத்தான். மறுபடி வைத்தான். "நான் போய் மேலாளரைச் சமாதானப்படுத்திட்டு வந்துடறேனே..."

"போ" என்றாள். அது பறவை மொழியில் இல்லை.

படகு நகர்ந்தது. அவன் முனையில் நின்றான், வழக்கம்போல். ஆனால் கரை வழக்கம்போல் இல்லை. கொடியில் துணிகள் ஏறின. கூரைகளுக்கு மேலே புகை எழுந்தது. யாரோ யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள், ஒரு குழந்தை வீறிட்டது, பாத்திரம் உருண்டது. இரண்டு பெண்கள் பல ஆண்டுகளாகக் கீச்சுக் குரலில் போட்டுவந்த சண்டையைத் தொண்டை நிறைய முதன்முறையாகப் போட்டார்கள்.

சங்கத் தலைவர் கருவியின் பொத்தானை அணைத்தார். முதலாளியின் மனைவி கரைப்பக்கம் சாய்ந்து காது கொடுத்தாள்.

"யாருங்க அது, இந்தக் கத்து கத்துறாங்க?"

ஒலிபெருக்கி கையை விரித்தான். வாயைத் திறந்தான்.

"நீ உக்காரு மாப்பிள்ளை" என்றார் துடுப்புக்காரர். நிமிர்ந்திருந்தபடியே, எல்லோர் முகத்தையும் பார்த்துச் சொன்னார்: "அது எங்க சின்னம்மாங்க. எதிர்ல நிக்கிறது அவங்க ஓரகத்தி. பானையை யாரு உடைச்சாங்கன்னு தகராறு. அந்த மரத்துக்குக் கீழே புகையுதே, அது எங்க வீடு."